லேபல் அடிக்க முன் பெயரைப் பதியுங்கள்: யாழ்ப்பாணத்துச் சிறு தொழில்களுக்கு ஒரு வியாபாரக் குறி வழிகாட்டி

திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஏதாவது ஒரு பலசரக்குக் கடைக்குள் போய்க் கறித்தூள் அடுக்கியிருக்கும் தட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணக் கறித்தூள், யாழ் கறித்தூள், சுத்தமான யாழ்ப்பாணத்துத் தூள் என்று வரிசையாக நிற்கும். எல்லாப் பக்கற்றிலும் சிவப்பு மிளகாய்ப் படம். இவற்றில் ஒன்றை வாங்கிச் சமைத்து, ருசி பிடித்துப்போய், அடுத்த மாதம் அதே தூளைத் தேடி வருகிறவர் கடைக்காரரிடம் என்ன சொல்லிக் கேட்பார்? "போனமுறை தந்த அந்தத் தூள்" என்பார். கடைக்காரர் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுப்பார்.

சிறு உற்பத்தியாளர் தோற்பது அந்த இடத்தில்தான். செத்தல் மிளகாயைத் தெரிந்து வாங்கி, காயவைத்து, பதம் தப்பாமல் வறுத்து, ஆலையில் கொடுத்து அரைத்து எடுத்தது அவர். அந்த ருசிக்கு உரிய பெயர் மட்டும் அவர் கையில் இல்லை.

ஊருக்குள் மட்டும் விற்ற காலத்தில் இது பெரிய குறையாக இருக்கவில்லை. "இணுவில் அன்ரியின்ர தூள்" என்றால் ஆளும் தெரியும், வீடும் தெரியும். 2009 இல் ஏ9 வீதி திறந்த பிறகு நிலைமை வேறு. இங்கே அடைத்த பக்கற் கொழும்புச் சுப்பர்மார்க்கெற்றுக்குப் போகிறது. பேஸ்புக் பக்கத்தில் ஓடர் வருகிறது. கார்கோவில் ஸ்காபரோவுக்கும் லண்டனுக்கும் பறக்கிறது. அங்கே வாங்குகிறவருக்கு உங்கள் முகம் தெரியாது. லேபலில் உள்ள பெயரைத்தான் அவர் நம்புகிறார்.

ஆகவே இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: ஊரின் பெயர் எல்லோருக்கும் பொது. உங்களுக்கென்று சட்டம் தரக்கூடிய பெயர் ஒன்றைத் தேர்ந்து, லேபல் அச்சுக்குப் போக முன்னரே அதற்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

பி.ஆர். எடுத்தால் போதாது

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து சான்றிதழ் (பி.ஆர்.) எடுத்தவர்களில் பலர், பெயர் இனித் தங்களுக்குத்தான் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் வேண்டியதுதான். வங்கிக் கணக்குத் திறக்கவும், கடன் கேட்கவும், கேள்விப்பத்திரம் போடவும் அது இல்லாமல் முடியாது. ஆனால் இன்ன இடத்தில், இன்னார், இன்ன பெயரில் தொழில் நடத்துகிறார் என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. அதே பெயரை இன்னொருவர் தன் பக்கற்றில் அடிப்பதைத் தடுக்கும் உரிமை அதில் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்க் கொம்பனியாகப் பதிந்தவர்களுக்கும் இதே கதைதான். பண்டத்தில் வரும் 479 என்று தொடங்கும் பார்கோட்டும் பெயருக்குக் காவல் தராது.

அந்த உரிமையைத் தருவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ்ச் செய்யும் வியாபாரக் குறிப் பதிவு. பதிவு செய்யும் இடம், கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். காணி வாங்கினால் உறுதி முடிக்காமல் நித்திரை கொள்ளாத சனம் நாங்கள். பெயருக்கு உறுதி முடிக்கும் இடம் அந்த அலுவலகம்.

ஒரு பக்கற்றைக் கையில் எடுப்போம்

நம் ஊரில் அடிக்கும் வழமையான கறித்தூள் பக்கற் ஒன்றை மேசையில் வைத்து, அதிலுள்ளவற்றில் எது உங்களுக்குச் சொந்தமாகக்கூடியது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நடுவில் பெரிய எழுத்தில் "யாழ்ப்பாணக் கறித்தூள்". இதில் "கறித்தூள்" பண்டத்தின் பெயர். வகை, தரம், அளவு, பயன், உற்பத்தியான இடம் ஆகியவற்றை மட்டும் சொல்லும் சொற்களைத் தனி ஒருவருக்குப் பதிந்து கொடுக்கச் சட்டத்தின் 103 ஆம் பிரிவு இடம் தராது. "யாழ்ப்பாணம்" இடப்பெயர். சாதாரண பொருளில் இடப்பெயராக விளங்கும் சொல்லும் அதே பிரிவில் அடிபட்டுப் போகும். இரண்டையும் சேர்த்து எழுதினாலும் நிலைமை மாறாது.

மேலே "சுத்தமானது", "வீட்டுச் சுவை", "நம்பர் வன்". எல்லாம் புகழ்ச்சி. எந்த விற்பனையாளரும் சொல்லக்கூடியவை.

வலது பக்கம் நல்லூர்க் கோபுரம், இடது பக்கம் பனைமரம். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ லேபல்களில் இந்த இரண்டும் இருக்கின்றன. உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட அவை உதவா.

சாமி பெயரோ புனித நூலின் பெயரோ வைத்திருந்தால், அது பக்திக்கு நல்லது, காவலுக்குப் பலமில்லை. ஒரே சாமியின் பெயரில் நூறு கடை இருக்கும். 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கென்று எடுக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. இலங்கை நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும், பெயர் தெரிவு செய்கிறவர் மனதில் வைக்கவேண்டிய தீர்ப்பு.

கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய சின்ன எழுத்தில் "தயாரிப்பு" என்று போட்டு உரிமையாளரின் தொழிலகப் பெயர். பக்கற் முழுவதிலும் உங்களுக்குச் சொந்தமாகக்கூடியது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். அதைத்தான் மிகச் சிறிதாக அடித்திருக்கிறோம்.

லேபலை மாற்றி அமையுங்கள். உங்கள் தனிப்பெயர் நடுவில் பெரிதாக வரட்டும். "யாழ்ப்பாணக் கறித்தூள்" அதன் கீழே விபரமாக வரட்டும். அப்படி எழுத உங்களுக்கு உரிமை உண்டு, அடுத்தவருக்கும் உண்டு.

எப்படிப்பட்ட பெயர் தேடுவது?

பண்டத்தோடு நேரடித் தொடர்பில்லாத சொல்லுக்குத்தான் பலம் கூட. நல்லூர்க் கோயிலடியில் ஐஸ்கிரீம் குடிக்கப் போகிறவர்கள் "றியோவுக்குப் போவம்" என்கிறார்கள். றியோ என்ற சொல் குளிர்ச்சியையோ இனிப்பையோ சொல்லவில்லை. அதனால்தான் கேட்டவுடன் அந்தக் கடை மட்டும் நினைவுக்கு வருகிறது. பண்டத்தைச் சொல்லாமல் அதன் குணத்தைச் சாடையாகக் காட்டும் பெயர்களும் நல்லவை. பனை அபிவிருத்திச் சபை தன் விற்பனை நிலையங்களுக்குக் "கற்பகம்" என்று பெயர் வைத்தது இந்த வகை. பனம்பொருள் என்று சொல்லவில்லை. ஆனால் பனையைக் கற்பகதரு என்று கேட்டு வளர்ந்தவருக்கு அது உடனே விளங்கும்.

பெயர் ஒன்று எவ்வளவு தூரம் வேர்விடும் என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே சான்று இருக்கிறது. மில்க்வைற் சவர்க்காரம் செய்த தொழிலதிபர் க. கனகராசாவை ஊர் "மில்க்வைற் கனகராசா" என்றே அழைத்தது. அவர் வெளியிட்ட சஞ்சிகையும் "மில்க்வைற் செய்தி"தான். சவர்க்காரக் கட்டியில் பதித்த பெயர் ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டி, அவர் செய்த பொதுப்பணிகளோடும் சேர்ந்து நிலைத்துவிட்டது.

குடும்பப் பெயரோ முதலெழுத்தோ வைக்க விரும்பினால், வெறுமனே அச்செழுத்தில் விடாதீர்கள். சாதாரணமாக ஆட்பெயராக விளங்கும் சொல்லை, தனித்துவமான வடிவம் ஏதுமில்லாமல் பதிவது கடினம். எழுத்து வடிவம், சின்னம், அமைப்பு எல்லாம் சேர்ந்து ஒரு தனி உருவம் வரவேண்டும். அந்த உருவத்தை வரைந்து தந்தவரிடம், படத்தின் பதிப்புரிமையை உங்களுக்குத் தருவதாக ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். காசு கொடுத்து வரைவித்தோம் என்பது மட்டும் எப்போதும் போதாது.

சனம் வைத்த பெயரைக் கவனியுங்கள்

திண்டுக்கல்லில் 1957 இல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடைக்கு அவர் வைத்த பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலைப்பாகை கட்டியிருப்பார் என்பதால், சாப்பிட வந்தவர்கள் அதைத் தலப்பாக்கட்டி கடை ஆக்கிவிட்டார்கள். பிரியாணியின் புகழ் முழுவதும் அந்தப் பட்டப்பெயரில்தான் ஏறியது. பின்னாளில் சென்னையில் வேறொருவர் "தலப்பாக்கட்டு" என்ற பெயரில் பிரியாணி விற்க, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

உங்கள் கடைக்கும் இப்படி ஒரு பெயர் இருக்கலாம். பலகையில் ஒன்று இருக்கும். வாடிக்கையாளர் வாயில் வேறொன்று இருக்கும். தொலைபேசியில் ஓடர் தருகிறவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரு கிழமை காதுகொடுத்துக் கேளுங்கள். பலகைப் பெயரைப் பதிந்துவிட்டு, சனம் அழைக்கும் பெயரைத் திறந்துவிடாதீர்கள்.

விண்ணப்பம் போகும் வழி

முதலில் தேடல். நீங்கள் நினைத்த பெயரோ அதைப்போன்ற ஒன்றோ ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா என்று புலமைச் சொத்து அலுவலகத்தில் பார்க்கவேண்டும். எழுத்து வேறாக இருந்தாலும் ஓசை ஒன்றாக இருந்தால் சிக்கல்தான். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் எப்படி ஒலிக்கும் என்று மூன்று விதமாகவும் பாருங்கள். கூடவே பேஸ்புக்கிலும் கடைத் தட்டுகளிலும் தேடுங்கள். பதியாமல் பாவனையில் உள்ள பெயரும் உங்களுக்குத் தடையாக வரலாம்.

அடுத்தது விண்ணப்பம். எம் 01 படிவத்தை நிரப்பி, குறியின் படத்தையும் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இலங்கையில் வசிப்பவர் தானே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு மட்டும் இங்கே ஒரு முகவர் கட்டாயம். பெயர் சிக்கலானதாக இருந்தால் இத்துறை தெரிந்த சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

பிறகு பரிசீலனை. மறுப்பு வந்தால் காரணத்தை வாசித்து, குறித்த காலத்துக்குள் பதில் எழுதலாம். ஒரு குறி எவ்வளவு காலமாகப் பாவனையில் இருக்கிறது, வியாபார வட்டாரத்தில் அதை எப்படி அறிகிறார்கள் என்பதையும் சட்டம் கணக்கில் எடுக்கும். பழைய தொழில்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஏற்றுக்கொண்டால் வர்த்தமானியில் பிரசுரமாகும். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் இல்லையென்றால் பதிவுச் சான்றிதழ். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும்; பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இது கிழமைகளில் முடியும் வேலையில்லை. ஆனால் பதிவு கிடைத்ததும் உரிமை விண்ணப்பத் திகதியிலிருந்தே கணக்காகும். முந்திப் போடவேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சான்றிதழ் வரும்வரை வட்டத்துக்குள் ஆர் எழுத்தை லேபலில் போடாதீர்கள். பதியாத குறியைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.

வகுப்பைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள்

பண்டங்களும் சேவைகளும் சர்வதேச முறைப்படி 45 வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. முதல் 34 பண்டங்களுக்கு, மீதி 11 சேவைகளுக்கு. இலங்கையில் வகுப்புக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். நம் பக்கத் தொழில்களுக்கு அடிக்கடி வேண்டியவை:

• 30: கறித்தூள், கோப்பி, ஒடியல் மா, பனங்கட்டி, பலகாரங்கள், ஐஸ்கிரீம்
• 29: ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு, ஜாம், நல்லெண்ணெய்
• 32: நெல்லி கிறஷ், பழரசம்
• 3: சவர்க்காரம், அழகுசாதனப் பொருள்
• 25: உடுப்புகள்
• 35: விற்பனை நிலையச் சேவை
• 41: கல்வி நிலையம்
• 43: உணவகம், விருந்தினர் விடுதி
• 44: அழகுக்கலை நிலையம்

கறித்தூளோடு நெல்லி கிறஷ்ஷும் செய்கிறவர் 30 ஐ மட்டும் பதிந்தால் போத்தலுக்குக் காவல் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் போடக் கையில் காசு இல்லையென்றால், அதிகம் விற்கும் பண்டத்தில் தொடங்குங்கள். செய்யாத பண்டங்களுக்கெல்லாம் பெயரைப் பிடித்து வைப்பதிலும் பயனில்லை. தகுந்த காரணமின்றி தொடர்ந்து 5 ஆண்டு பாவிக்காத குறியை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

யார் பெயரில் பதிவது?

நம் வீடுகளில் கசப்பு தொடங்கும் இடம் இது. ருசி அம்மாவினது, பக்கற் அடிப்பது மகள், முதல் போட்டது கனடாவிலிருக்கும் அண்ணா, பி.ஆர். அப்பாவின் பெயரில். நல்லாக நடக்கும்வரை ஒருவரும் கேட்கமாட்டார்கள். தொழில் பெருத்த பிறகோ, ஒருவர் கண் மூடிய பிறகோ எல்லோரும் கேட்பார்கள்.

பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். ஆகவே விண்ணப்பம் போட முன் குடும்பமாக இருந்து பேசித் தீர்மானித்து எழுதி வையுங்கள். பங்குத்தொழில் என்றால், பிரிந்தால் பெயர் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கட்டும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: உழைப்பும் கைப்பக்குவமும் உங்களுடையது என்றால், குறியும் உங்கள் பெயரில் இருக்கட்டும். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடல் கடந்து விற்கிறீர்களா?

இலங்கைப் பதிவு இலங்கைக்குள் மட்டும் செல்லும். உங்கள் தூளை ஸ்காபரோவில் இறக்கி விற்கும் முகவர் அதே பெயரைக் கனடாவில் தன் பெயரில் பதிந்துவிட்டால், உங்கள் பக்கற்றையே அங்கே விற்க நீங்கள் அவரிடம் அனுமதி கேட்கும் நிலை வரலாம். அதை மாற்ற வழக்காடவேண்டி வரும், செலவு டொலரில்.

தடுப்பதற்கு இரண்டு வேலை போதும். ஒன்று, பொருள் அனுப்ப முன் எழுத்தில் ஒப்பந்தம்: குறி உற்பத்தியாளருக்கே சொந்தம், விற்பவர் அதை எந்த நாட்டிலும் தன் பெயரில் பதியக்கூடாது. சொந்தக்காரர், ஊரவர் என்று விட்டுவிடாமல் அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு, பரிஸ் உடன்படிக்கையின்படி, இலங்கையில் விண்ணப்பித்த திகதியிலிருந்து 6 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால், இலங்கைத் திகதியையே முன்னுரிமையாகக் கோரலாம். அதிகம் விற்கும் ஒரு நாட்டையாவது இந்த அவகாசத்துக்குள் முடியுங்கள்.

போலி வந்தால்

முதல் நாளே பேஸ்புக்கில் சண்டை போடவேண்டாம். எதிராளியின் பக்கற்றை விலைகொடுத்து வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். லேபல், விளம்பரம், இணையப் பக்கம் எல்லாவற்றையும் திகதியோடு படமெடுங்கள். பிறகு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். வழக்கு வரை போகாமல் அதோடு முடிந்தால் இருவருக்கும் நல்லது.

முடியாவிட்டால் சட்டம் இரண்டு வழி தருகிறது. வேண்டுமென்று பதிவுக் குறியை மீறியவருக்கு நீதவான் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தடையுத்தரவும் நட்டஈடும் கேட்பதென்றால் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்.

இன்னும் பதியாதவர்களும் கைவிடப்பட்டவர்கள் இல்லை. நேர்மையற்ற போட்டிக்கு எதிராக 160 ஆம் பிரிவு இருக்கிறது. உங்கள் பாவனை தெரிந்தும் இன்னொருவர் அதே குறிக்கு விண்ணப்பித்தால், 104 ஆம் பிரிவின் கீழ் எதிர்க்கலாம். ஆனால் முந்திப் பாவித்தது நீங்கள்தான் என்று காட்டவேண்டிய சுமை உங்கள் தலையில். பழைய லேபல், அச்சகப் பற்றுச்சீட்டு, கண்காட்சியில் கடை போட்ட கடிதம், பத்திரிகை விளம்பரம் ஆகியவற்றை எறியாமல் ஒரு கோப்பில் சேருங்கள்.

ஊரின் பெயரையும் காக்கலாம், சேர்ந்து

"யாழ்ப்பாணம்" தனி ஒருவருக்குக் கிடையாது என்றால், வேறெங்கோ செய்த சரக்கு அந்தப் பெயரில் விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? வேண்டியதில்லை. ஆனால் அது கூட்டாகச் செய்யும் வேலை. சங்கம் ஒன்று கூட்டுக் குறி எடுத்து, தன் உறுப்பினர் எல்லோரும் பாவிக்க விதி வகுக்கலாம். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும். அதற்கு மேல் புவிசார் குறியீடு, அதாவது ஓர் இடத்துக்கே உரிய பொருளின் பெயரைக் காக்கும் பதிவு. 2022 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கான பதிவுமுறையை இலங்கையில் கொண்டுவந்தது. அதே ஆண்டு சிலோன் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடாகப் பதிவானது. பருத்தித்துறை வடைக்கும் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்கும் இந்தப் பாதையை முயல நியாயம் இருக்கிறது. அதற்கு, எந்த மா, எந்தப் பாகு, எந்தப் பதம் என்று செய்முறையை உற்பத்தியாளர்கள் கூடி எழுதி, அதன்படி நடக்க உடன்படவேண்டும்.

இந்த மாதமே செய்யக்கூடியவை

1. உங்கள் லேபலை எடுத்து, ஊர்ப்பெயரையும் பண்டப்பெயரையும் வெட்டிவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது உங்களை அடையாளம் காட்டுகிறதா?
2. மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றால் புதுப் பெயர் மூன்று எழுதி, மூன்று மொழியிலும் சொல்லிப் பாருங்கள்.
3. பிரதேச செயலகத்தில் சிறு தொழில் முயற்சிப் பிரிவு உத்தியோகத்தரிடம் போய், வியாபாரக் குறிக்கு வழிகாட்டல் இருக்கிறதா என்று கேளுங்கள்.
4. புலமைச் சொத்து அலுவலகத்தில் தேடலும் இன்றைய கட்டண விபரமும் கேட்டு எடுங்கள்.
5. யார் பெயரில் என்பதைக் குடும்பத்தில் தீர்மானித்து எழுதுங்கள்.
6. பாவனைச் சான்றுகளுக்கு இன்றே ஒரு கோப்புத் திறவுங்கள்.

இயந்திரம் பழசாகும், கட்டடம் கைமாறும், அரைத்துத் தரும் ஆலையும் மாறும். வாங்குகிறவர் உங்கள் பொருளில் வைத்த நம்பிக்கை மட்டும் பெயரில் சேர்ந்துகொண்டே போகும். ஒழுங்காகப் பதிந்து புதுப்பித்து வந்தால் அதைப் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுக்கலாம். இருபதாயிரம் லேபல் அடித்த பிறகு பெயரை மாற்றுவது பெரிய நட்டம். ஆகவே அச்சகத்துக்கு அடுத்த ஓடர் கொடுக்கும்போது, விண்ணப்ப இலக்கம் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.